பெரியவர்களுக்கும் இடம் வைத்த வால்ட் டிஸ்னி



பிள்ளைகளுக்கான சித்திரப்படத்தைப் பெரியவர் ஒருவர் விரும்பிப் பார்த்தால், நம் வீடுகளில் அதற்கென்று ஒரு கேலிச் சிரிப்பு உண்டு. வேலை முடிந்து வந்த தகப்பனோ, செபமாலை சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்த பாட்டியோ, பூனை எலியைத் துரத்துவதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தால், இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். சிரித்தவரும் ஏதோ குற்றம் செய்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்டி நகர வீடுகளிலும் இது நடக்கிறது. சுற்றியுள்ள தோட்ட லயங்களிலும் நடக்கிறது.

அந்தப் பெரியவர் வெட்கப்படத் தேவையில்லை என்பது நமது எண்ணம். அதை விளக்கவே இவ்வாரம் ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறோம். அவர் கத்தோலிக்கர் அல்லர். புனிதர் என்று சொல்லத்தக்கவரும் அல்லர். ஆயினும் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமர்த்திச் சிரிக்கவும் அழவும் வைத்தவர். அவர்தான் வால்ட் டிஸ்னி.

வால்ட்டர் எலியாஸ் டிஸ்னி 1901ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான்காமவர். தந்தை எலியாஸ் தச்சுவேலை தெரிந்தவர். புரட்டஸ்தாந்து சபை ஒன்றைச் சேர்ந்தவர். தம் சபையின் ஆலயத்தைக் கட்டியெழுப்பப் பாடுபட்டவர். அந்த ஆலயத்துப் போதகரின் பெயரையே மகனுக்குச் சூட்டினார். உழைப்பாளி, நேர்மையானவர், ஆனால் மிகவும் கண்டிப்பானவர். கைவைத்த தொழில்கள் பலவும் அவருக்குக் கைகூடவில்லை.

1906இல் குடும்பம் மிசூரி மாநிலத்தின் மார்சலின் என்ற சிற்றூரில் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. மரங்கள், கோழிகள், பன்றிகள், ஊரைக் கடந்து செல்லும் புகையிரதம் ஆகிய இவையே சிறுவனின் உலகம். படம் வரையும் பழக்கமும் அங்கேதான் பிடித்தது. ஆனால் அந்த இன்பம் நீடிக்கவில்லை. தந்தை நோயுற்றார், பண்ணை விற்கப்பட்டது. 1911இல் கான்சஸ் சிட்டி நகருக்கு வந்தார்கள்.

அங்கே எலியாஸ் பத்திரிகை விநியோகத்தைப் பொறுப்பேற்றார். வால்ட்டும் அண்ணன் ரோயும் பொழுது விடியுமுன் எழுந்து வீடு வீடாகப் பத்திரிகை போட வேண்டும். பனி முழங்கால்வரை கொட்டிக் கிடந்தாலும் போகத்தான் வேண்டும். கூலி கிடையாது. ஆறு ஆண்டுகள் இப்படியே சென்றன. பள்ளிக்கூடத்தில் பையன் தூங்கி வழிந்ததில் வியப்பென்ன? எந்த வீட்டுக்காவது பத்திரிகை போடாமல் விட்டுவிட்டோமோ என்று திடுக்கிட்டு விழிக்கும் கனவு, உலகப் புகழ் பெற்ற பின்பும் தம்மை விடவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் அவர் நினைவுகூர்ந்தார். வசதி படைத்தோர் வீட்டு விறாந்தைகளில் பிள்ளைகள் இரவு விட்டுச் சென்ற விளையாட்டுப் பொருட்கள் கிடக்கும். அந்த அதிகாலை இருட்டில் பத்திரிகைப் பையை இறக்கி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அவற்றோடு விளையாடுவாராம். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவாராம். வாசகர்களே, இந்தக் காட்சியைச் சற்று மனத்தில் நிறுத்துங்கள். பிற்காலத்தில் அவர் செய்தவை அனைத்தையும் விளங்கிக்கொள்ள இது உதவும்.

பதினைந்து வயதில், கோடை விடுமுறையின்போது, ஓடும் புகையிரதத்தில் பத்திரிகையும் தின்பண்டமும் விற்றார். நம் கண்டிப் புகையிரதத்தில் வடையும் கடலையும் கூவி விற்கும் பையன்களைப் பார்க்கும்போது அவர் நினைவு வருவது இயல்பே. பதினாறு வயதில், முதலாம் உலகப் போரின் இறுதியில், வயதைக் கூட்டிக் காட்டிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்தார். பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. அங்கே அம்புலன்ஸ் வண்டி ஓட்டினார்.

ஊர் திரும்பியதும் சித்திரங்களை அசையவைக்கும் கலையைக் கற்று, கான்சஸ் சிட்டியில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். 1923இல் அது கடனில் மூழ்கியது. ஹொலிவூட்டுக்குச் சென்று, அதே ஆண்டு ஒக்டோபரில் அண்ணன் ரோயுடன் சேர்ந்து புதிய நிறுவனத்தை ஆரம்பித்தார். ஒஸ்வால்ட் என்ற முயல் பாத்திரம் பேரெடுத்தது. ஆனால் அதன் உரிமை விநியோகஸ்தர் பக்கம் இருந்தது. 1928இல் முயலும் போயிற்று. கூடவே உதவியாளர் பலரும் போயினர். அந்த நட்டத்திலிருந்து பிறந்ததுதான் மிக்கி மவுஸ். 1928 நவம்பர் 18ஆம் திகதி நியூயோர்க்கில் வெளியான, ஒலியுடன் கூடிய சிறு படத்தில் அந்தச் சுண்டெலி சீட்டியடித்தபடி உலகுக்கு அறிமுகமாயிற்று. நெடுங்காலம் அந்தச் சுண்டெலிக்குக் குரல் கொடுத்தவர் டிஸ்னியேதான்.

அக்காலத்தில் சித்திரப்படம் என்றால் பெரிய படத்துக்கு முன் சில நிமிடங்கள் காட்டும் துணுக்கு மட்டுமே. ஒன்றரை மணி நேரம் வரைந்த உருவங்களைப் பார்க்க யார் உட்கார்ந்திருப்பார்? பெரியவர்கள் உட்காரவே மாட்டார்கள் என்று திரைப்படத் துறையினர் முடிவுகட்டியிருந்தனர். டிஸ்னி அதை ஏற்கவில்லை. பத்திரிகை போடும் பையனாக இருந்த காலத்தில், பத்திரிகைப் பையன்களுக்கென நடத்தப்பட்ட ஓர் இலவசக் காட்சியில் அவர் பார்த்த மௌனப்படம் ஸ்நோ வைட். அந்தக் கதையையே எடுத்துக்கொண்டார். 1934இல் ஒரு மாலை தம் ஓவியர்களை அழைத்து, எல்லாப் பாத்திரங்களையும் தாமே நடித்து, முழுக் கதையையும் சொல்லிக் காட்டினார். செலவு ஏறக்குறைய 15 இலட்சம் டொலரை எட்டியது. வீட்டையும் ஈடு வைத்தார். டிஸ்னிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது.

1937 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. சபையில் இருந்தவர்கள் சிறு பிள்ளைகள் அல்லர். சார்ளி சப்ளின் உட்பட ஹொலிவூட்டின் பெரிய மனிதர்கள். நடிப்பின் நெளிவு சுழிவு அனைத்தும் அறிந்தவர்கள். ஸ்நோ வைட் இறந்துவிட்டாளென்று குள்ளர்கள் அவளைச் சூழ்ந்து நின்று அழுதபோது, அந்தப் பெரிய மனிதர்களும் அழுதார்கள். வெறும் கோடும் வர்ணமும் கண்டு வளர்ந்தவர்கள் அழுததை அன்று உலகம் கண்டது.

அப்படம் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு சகோதரர் இருவரும் முதிய பெற்றோருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தனர். ஆனால் 1938 நவம்பரில், அந்த வீட்டின் வெப்பமூட்டும் கருவியிலிருந்து கசிந்த நச்சுவாயுவால் தாய் ஃபுளோரா இறந்தார். அன்போடு கொடுத்த பரிசே தாயின் உயிரை வாங்கியது என்ற வேதனையை டிஸ்னி வெளியே பேசவே மாட்டார் என்பர். 1942இல் வெளியான பாம்பி படத்தில் மான்குட்டி தாயை இழக்கும் காட்சி வருகிறது. கதை நாவலில் ஏற்கெனவே இருந்ததுதான். ஆயினும் அந்தக் காட்சியில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் கலங்குவதை நாம் அறிவோம். தாயை இழந்தவர்களுக்கு அது வெறும் மான்குட்டியின் கதையா?

1940இல் பினோக்கியோவும் ஃபன்டேசியாவும் வெளிவந்தன. பினோக்கியோ பொய் சொல்லி மூக்கு நீண்ட மரப்பொம்மையின் கதை. இத்தாலிய எழுத்தாளர் கொல்லோடி எழுதியது. சிறுவயதில் படித்த அந்தக் கதையை மறவாத ஒருவர், வெனிஸ் நகரின் முதுபெரும் தந்தையாக இருந்த காலத்தில், பதுவா புனித அந்தோனியார் சஞ்சிகையில் அந்தப் பொம்மைக்கே ஒரு கடிதம் எழுதினார். அவர்தான் 1978இல் 33 நாட்கள் திருச்சபையை ஆண்ட பாப்பரசர் முதலாம் அருளப்பர் சின்னப்பர். முதுபெரும் தந்தை ஒருவருக்கு மரப்பொம்மையோடு பேச வெட்கமில்லை. நமக்கு ஏன் வெட்கம்?

ஃபன்டேசியா உயர்ந்த இசைக்குச் சித்திர வடிவம் கொடுத்த படம். அதன் முடிவில் தீய ஆவிகள் மலையுச்சியில் கூத்தாடுகின்றன. ஆலய மணி ஒலிக்க அவை ஒடுங்குகின்றன. பின்னர் விளக்கேந்திய பக்தர் கூட்டம் விடியலை நோக்கி மெல்ல நடக்க, அவே மரியா இசை எழுகிறது. மாதா திருநாளில் மெழுகுதிரி ஏந்திப் பவனி செல்லும் நம் பங்கு மக்கள் அந்தக் காட்சியை உடனே விளங்கிக்கொள்வர். வெளிவந்தபோது படம் நட்டத்தையே தந்தது. ஆனால் 1995இல், திரைப்படம் பிறந்த நூறாம் ஆண்டை முன்னிட்டு, வத்திக்கான் சிறந்த படங்களென 45 படங்களைத் தெரிந்தெடுத்தபோது ஃபன்டேசியாவும் அதில் இடம்பெற்றது.

இனி, டிஸ்னியின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1941இல் அவருடைய ஓவியர்கள் நூற்றுக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பளத்தில் ஒழுங்கில்லை, உழைத்தவர் பெயர் திரையில் வருவதில்லை, தொழிற்சங்கத்துக்கு மதிப்பில்லை என்பன அவர்களுடைய முறைப்பாடுகள். டிஸ்னி இதை நியாயக் கோரிக்கையாகக் காணவில்லை. தம்மைக் காட்டிக்கொடுத்ததாகவே கண்டார். 1947இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்து, அந்த வேலைநிறுத்தத்தைப் பொதுவுடைமையரின் சூழ்ச்சி என்று குற்றஞ்சாட்டினார். தோட்டத் தொழிலாளர் நடுவே வாழும் நமக்கு இது சிறிய காரியமாகத் தோன்றாது. பிறர் பிள்ளைகளின் மனத்தை அறிந்தவர், தம் தொழிலாளரின் மனத்தை அறியத் தவறினார். கூலியின்றிப் பத்திரிகை சுமந்த சிறுவன் முதலாளியானதும் அந்த நோவை மறந்தான் என்பது, நல்ல நிலைக்கு உயர்ந்த எவருக்கும் ஓர் எச்சரிக்கை.

ஆனால் தகப்பன் என்ற வகையில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. அவருக்கு இரு மகள்மார், இளையவர் தத்தெடுக்கப்பட்டவர். ஓய்வு நாட்களில் அவர்களைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வார். பிள்ளைகள் குதிரை இராட்டினத்தில் சுற்றுவார்கள். அவர் வாங்கில் உட்கார்ந்து கடலை கொறித்தபடி காத்திருப்பார். பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்கு வெறும் வாங்கு என்று ஏன் இருக்க வேண்டும், எல்லோரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருந்தால் என்ன என்று அங்கே எண்ணியதாக அவர் கூறியுள்ளார். 1955 ஜூலை 17ஆம் திகதி கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. 1964இல் வந்த மேரி பொப்பின்ஸ் படமும், வங்கி வேலையில் மூழ்கிப் பிள்ளைகளை மறந்த ஒரு தகப்பன், இறுதியில் அவர்களோடு பட்டம் விடப் போகும் கதைதான். ஐந்து ஒஸ்கார் விருதுகள் அதற்குக் கிடைத்தன.

இடைவிடாமல் புகைபிடித்த அவரை நுரையீரல் புற்றுநோய் பற்றியது. 1966 டிசெம்பர் 15ஆம் திகதி, 65 வயது நிறைந்த பத்தாம் நாள், அவர் காலமானார். கடைசியாக அவர் கவனித்து வந்த படங்களுள் ஒன்றான ஜங்கிள் புக் மறு ஆண்டு வெளிவந்தது. அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 2015இல் நம் பொலன்னறுவையில் குரங்குகளைப் படம்பிடித்து ஒரு முழுநீளப் படம் வெளியிட்டது. உடவத்த கெலே வனத்திலிருந்து இறங்கி வந்து நம் கண்டி வீட்டுக் கூரைகளில் குதிக்கும் அதே இனக் குரங்குகள்தான்!

நம் நாட்டிலும் 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின், திரைப்பட நெறியாளர் டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுச் சித்திரப்படங்களுக்குச் சிங்களக் குரல் கொடுத்து ஒளிபரப்பினார். அவற்றைப் பிள்ளைகளோடு பெற்றோரும் பார்த்து மகிழ்ந்தனர். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒரு குடும்பமே கூடிய காலம் அது. இன்று தகப்பன் கையில் ஒரு தொலைபேசி, தாய் கையில் ஒன்று, பிள்ளை கையில் ஒன்று. ஒரே அறையில் இருக்கிறோம். ஆளுக்கொரு படம் பார்க்கிறோம். பிள்ளை எதைக் கண்டு சிரிக்கிறது, எதைக் கண்டு பயப்படுகிறது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை.

குழந்தைத்தனத்தை விட்டுவிட வேண்டும் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால் விண்ணரசில் இடமில்லை என்று நம் ஆண்டவர் போதித்தார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பிடிவாதம், பொறாமை, பொறுப்பின்மை ஆகியவை நாம் விட வேண்டிய குழந்தைத்தனம். வியப்பு, நம்பிக்கை, பிறர் துயரைக் கண்டதும் கலங்கும் கண் ஆகியவை நாம் காக்க வேண்டிய பிள்ளை மனம். நல்ல சித்திரப்படத்தைப் பார்த்துச் சிரிக்கும் பெரியவரிடம் இந்த இரண்டாவதே இன்னும் உயிரோடிருக்கிறது.

ஆகவே, வாசகர்களே, இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு சென்றபின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற நல்ல படம் ஒன்றைத் தெரிந்தெடுத்து, தொலைபேசிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர்களுக்கு அருகே அமர்ந்து பாருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். கண்ணீர் வந்தால் துடைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பார்த்தாலும் பாதகமில்லை. தம் தகப்பனுக்கும் அழத் தெரியும் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.