இப்னுல் ஹைதம் கெமராவைக் கண்டுபிடித்தவர் அல்லர்

கெமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம், அந்தச் சொல்லே அரபுச் சொல்தான் என்று வட்ஸ்அப்பில் வரும் செய்தியை நானும் பலருக்கு அனுப்பியிருக்கிறேன். பிறகு அவரது வாழ்க்கையைத் தேடி வாசித்தபோது வெட்கமாகிவிட்டது. கெமரா என்பது இலத்தீன் சொல். அறை என்று பொருள். சிறு துளை வழியே இருட்டறைக்குள் உருவம் விழுவதையும் அவருக்கு முன்பே கிரேக்கரும் சீனரும் கவனித்திருந்தனர். ஆனால் உண்மையான இப்னுல் ஹைதம், அந்தச் செய்தியில் வருபவரைவிடப் பெரியவர்.

கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்தார். நைல் நதி நீரைக் கட்டுப்படுத்தத் தன்னால் முடியும் என்று அவர் சொன்னதைக் கேள்வியுற்ற பாதிமிய ஆட்சியாளர் அல்-ஹாகிம், அவரை எகிப்துக்கு அழைத்ததாகப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். போகும் வழியில் பண்டைய எகிப்தியரின் பிரமாண்டமான கட்டடங்களைக் கண்டார். இவ்வளவு கணக்கறிந்தவர்களே செய்யாததைத் தன்னால் எப்படிச் செய்ய முடியும் என்று யோசித்தார். அஸ்வானுக்கு அப்பால் இடத்தைப் பார்த்த பின், முடியாது என்று ஒப்புக்கொண்டு திரும்பினார். ஹாகிமின் கோபத்துக்கு அஞ்சிப் பைத்தியம்போல நடித்தாராம். வீட்டுக்குள் அடைத்து வைக்கப்பட்டார். 1021இல் ஹாகிம் காணாமற்போன பின்னரே அவருக்குப் புத்தி தெளிந்தது! அதன் பின் அல்-அஸ்ஹர் அருகே தங்கி, யூக்ளிட், தொலமி ஆகியோரின் நூல்களைப் பிரதி எடுத்து விற்றுச் சீவித்தார்.

அவரது பெரும் நூல் ஏழு பாகங்கள் கொண்ட கிதாபுல் மனாழிர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்க்கிறோம் என்றுதான் யூக்ளிடும் தொலமியும் சொல்லியிருந்தனர். சூரியனைப் பார்த்தால் கண் வலிப்பது ஏன் என்று இவர் கேட்டார். துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, இருட்டறைச் சுவரில் விழும் வெளிச்சங்களைக் கவனித்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய வெளிச்சம் மட்டும் மறைந்தது. மூடியை எடுத்ததும் மீண்டும் வந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒன்றோடொன்று கலப்பதில்லை, கண்ணுக்குள் வருகிறது என்று நிறுவினார்.

அவரும் தவறியிருக்கிறார். கண்ணில் ஒளியை உணரும் பகுதி வில்லை என்றே கருதினார். உருவம் விழித்திரையில், அதுவும் தலைகீழாக விழுகிறது என்பதை 1604இல் கெப்ளர்தான் விளக்கினார். அதற்கு அவர் தொடங்கிய இடமும் இப்னுல் ஹைதமின் வழியில் வந்த ஒளியியல்தான்.

தான் பிரதி எடுத்துச் சோறு தின்ற அதே தொலமியின் பிழைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். உண்மையைத் தேடுபவன் தான் வாசிக்கும் அனைத்தையும் சந்தேகிக்க வேண்டும், தன்னையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும் என்பது அதில் அவர் சொல்லும் கருத்து.

அப்படிப்பட்டவரின் பெருமையைச் சரிபார்க்காத செய்தியால் பரப்புவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. அந்தச் செய்தி அண்மையிலும் எனக்கு வந்தது. இம்முறை நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பிய நண்பருக்கு, இருட்டறையில் வைத்த விளக்குகளின் கதையை எழுதினேன்.