கடல் கடந்த உம்மு ஹராம் (ரலி) அவர்கள்

பாய் விரித்துக் காற்றை நம்பி மரக்கலங்கள் ஓடிய காலத்தில், கடற்பயணம் என்றால் வீரர்களே தயங்குவார்கள். அந்தப் பயணத்தை ஓர் அம்மையார் துஆவின் மூலம் கேட்டுப் பெற்றார்கள். அவர்கள்தாம் உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அவர்கள்.

மதீனாவின் பனூ நஜ்ஜார் கோத்திரத்தைச் சேர்ந்த இவர்கள், அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களுடன் பிறந்தவர்கள். கணவர் உபாதா பின் ஸாமித் (ரலி) அவர்கள். சகோதரர் ஹராம் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 4ல் பிஃரு மஊனாவில் ஷஹீதானார்கள்.

குபாவுக்குச் செல்லும்போதெல்லாம் பெருமானார் (ஸல்) அவர்கள் இவர்களின் இல்லத்துக்கு வருவது வழக்கம். ஒருநாள் அங்கே உணவருந்திக் கண்ணயர்ந்தவர்கள் புன்னகையோடு விழித்தார்கள். காரணம் கேட்டபோது, தம் உம்மத்தில் ஒரு கூட்டத்தார், அரியணையில் அமர்ந்த அரசர்களைப் போலக் கடல்மீது அறப்போருக்குச் செல்வது தமக்குக் காட்டப்பட்டதாகக் கூறினார்கள். அக்கூட்டத்தில் தாமும் இருக்க துஆச் செய்யுமாறு அம்மையார் வேண்டினார்கள். பெருமானாரும் துஆச் செய்தார்கள். மீண்டும் உறங்கி விழித்து இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, அதற்கும் அம்மையார் ஆசைப்பட்டார்கள். அவர்கள் முதல் கூட்டத்தில் உள்ளவர் என்பதே பதிலாக வந்தது. இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் உள்ளது.

ஹிஜ்ரி 11ல் பெருமானார் மறைந்தார்கள். உயிர்ச்சேதத்தை அஞ்சிய கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கடற்படைக்கு அனுமதி தரவில்லை. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள், எவரையும் கட்டாயப்படுத்தாமல் விரும்பி வருபவர்களை மட்டும் அழைத்துச் செல்லலாம் என்று ஷாம் தேச ஆளுநர் முஆவியா (ரலி) அவர்களுக்கு அனுமதி அளித்தார்கள். ஹிஜ்ரி 28ல் (கி.பி. 649) கப்பல்கள் சைப்ரஸ் தீவை நோக்கிப் புறப்பட்டன. கணவருடன் உம்மு ஹராம் (ரலி) அவர்களும் கப்பலேறினார்கள். பெருமானாரின் மறைவுக்குப் பின் 17 ஆண்டுகள் கடந்தும் அவர்களின் நிய்யத் தளரவில்லை.

கடலைக் கடந்து கரை இறங்கியபின், வாகனப் பிராணியிலிருந்து விழுந்து அம்மையார் வஃபாத்தானார்கள். பகைவரின் வாள் அவர்களைத் தீண்டவில்லை. எனினும் அல்லாஹ்வின் பாதையில் புறப்பட்டவரின் நற்கூலி குறையாது. சைப்ரஸில் லார்னகா நகரை அடுத்த உப்பு ஏரிக் கரையில் அவர்களின் அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

அன்பு வாசகர்களே! நாம் துஆக் கேட்கிறோம். நாலு நாளில் கைகூடாவிட்டால் சோர்ந்து விடுகிறோம். ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்து, வருடங்கள் போனதும் மறந்து விடுகிறோம். கேட்டதை மறவாமல் காத்திருப்பதும், வேளை வந்ததும் தயங்காமல் எழுந்து புறப்படுவதும் துஆவின் ஒழுக்கங்களே என்பதை இந்த அம்மையாரின் வாழ்வில் காண்கிறோம். வல்ல அல்லாஹ் அத்தகைய உறுதியை நம் இல்லத்தார் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.