கைப்பிடியைப் பார்த்த டாக்டர்

முதல் வருஷம் கார்ப்பென்டரி ஷாப்பில் இழைப்புளி பிடிக்காதவர் நம்மில் யாருமில்லை. எனக்குக் கிடைத்த இழைப்புளியை இன்னும் மறக்க முடியவில்லை. தேக்குக் கட்டையில் நாலு தள்ளு தள்ளினால் வழவழவென்று சுருள் வரவேண்டும். எனக்கோ தூள் தூளாக வந்தது. கட்டையில் படிப்படியாகத் தடம் விழுந்தது. உளியைக் கழற்றித் தீட்டினேன். வாயில் அடைத்திருந்த தூளை ஊதினேன். ஒன்றும் சரியாகவில்லை. அதற்குள் உள்ளங்கையில் ரெண்டு கொப்புளம்!

இன்ஸ்ட்ரக்டர் சார் வந்தார். இழைப்புளியைப் பார்க்கவில்லை, முதலில் என் கையைப் பார்த்தார். கொப்புளம் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, நேராகப் பின்பக்கக் கைப்பிடியை ஆட்டிக் காட்டினார். ஆடியது! பல வருஷப் பிடியில் தேய்ந்து, ஓரத்தில் சிலாம்பு எழும்பியிருந்தது. திருகை எவ்வளவு முறுக்கினாலும் ஆட்டம் நிற்கவில்லை. மரம் காய்ந்து சுருங்கிவிட்டதால் கைப்பிடியைப் பிடித்திருந்த கம்பி அடியில் போய் முட்டிக்கொண்டிருக்கிறது என்றார். தலைக்குக் கீழே ஒரு வாஷர் போட்டதும் இறுகிவிட்டது. கீறல் விட்ட இடத்தில் பசை விட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி வைத்தோம். மறுநாள் அரத்தால் ஓரத்தை உருட்டி, உப்புத்தாள் தேய்த்தோம். அதற்கப்புறம் சுருள் வந்தது, கொப்புளம் வரவில்லை.

அன்றைக்கு இந்தப் பழுதைக் காட்டிக் கொடுத்தது எது? என் கை வலி. வலிக்கவில்லை என்றால் நான் சாயங்காலம் வரை தள்ளிக்கொண்டே இருந்திருப்பேன்.

அப்படி வலியே தெரியாத கைகளோடு இதே வேலூரில் எத்தனையோ பேர் இழைப்புளியும் சுத்தியலும் பிடித்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கைப்பிடியைப் பார்த்த ஒரு டாக்டர் இருந்தார். அவர்தான் டாக்டர் பால் பிராண்ட்.

வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது நம்ம கொல்லிமலையில்! 1914 ஜூலை 17 அன்று பிறந்தார். அப்பா ஜெஸி, அம்மா ஈவ்லின் இருவரும் மலைமக்களிடையே மிஷனரிகளாக இருந்தவர்கள். அப்பா மருந்தும் கொடுப்பார், வீடும் கட்டுவார். சிறுவன் பாலுக்குக் கட்டட வேலை பிடித்தது. சீழும் இரத்தமும் பார்த்தால் ஓட்டம்தான். டாக்டராவதில்லை என்று அந்த வயதிலேயே தீர்மானித்துவிட்டான். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டான். 1929-இல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். அம்மா முதுமை வரை மலைமக்களுக்காக உழைத்தார்.

பதினாறு வயதில் பால் பள்ளியை விட்டுக் கட்டடத் தொழிலில் அப்ரென்டிஸ் ஆனார். கல் கொத்தினார், சுவர் எழுப்பினார், மரம் இழைத்தார். நாம் இங்கே மூன்று வருஷத்தில் தொட்டுப் பார்ப்பதை அவர் பல ஆண்டுகள் கூலி வேலையாகவே செய்தார். அப்புறம்தான் மனம் மாறி லண்டனில் மருத்துவம் படித்தார். போர்க்காலத்தில் குண்டு விழுந்த நகரத்தில் காயம்பட்டவர்களின் கைகளைப் பார்த்துப் பார்த்து, கை அறுவையில் ஈடுபாடு வந்தது. கூடப் படித்த மார்கரெட்டை 1943-இல் மணந்தார். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார். மார்கரெட்டும் பின்னாலேயே வந்து கண் மருத்துவரானார்.

1947-இல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப் போனார். அங்கேதான் திருப்பம். விரல்கள் நகம்போல் மடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, அழுத்திப் பார்க்கும்படி கேட்டார் பிராண்ட். பிடி இரும்பாக இருந்தது! செத்துப்போன கை என்று ஊரே சொன்ன கைக்குள் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன. அப்படியானால் எது கெட்டது, எது கெடவில்லை? மெஷின் நின்றால் மொத்தமாகத் தூக்கி எறியாமல் எந்தப் பாகம் போயிற்று என்று தேடுகிற மெக்கானிக் புத்தி அவருக்குள் விழித்துக்கொண்டது.

தேடினார். தோலுக்கு அருகில் ஓடுகிற இடங்களில், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் பக்கம், நரம்புகள் வீங்கிக் கெட்டிருந்தன. கெட்ட நரம்பை நம்பியிருந்த தசைகள் மட்டும் செயலிழந்தன. மற்றவை நன்றாகவே இருந்தன. ஒரு மோட்டார் எரிந்துபோனால் பக்கத்து மோட்டாரின் பெல்ட்டை இந்தப் புல்லிக்கு மாற்றுவதில்லையா? அதே வேலைதான். முன்கையில் உயிரோடு இருக்கும் தசையின் நாணை எடுத்து, விரல்களுக்குத் திருப்பி இணைத்தார். தொழுநோயாளியின் கைக்கு உலகிலேயே முதன்முதலாக இப்படிச் சீரமைப்பு அறுவை நடந்தது 1948-இல், நம்ம வேலூரில்!

கதை இங்கே முடிந்திருந்தால் அவர் திறமைசாலியான சர்ஜன், அவ்வளவுதான். ஆனால் கை நிமிர்ந்தவர்கள் சில மாதத்தில் திரும்பி வந்தார்கள். சிலருக்குப் புதுப் புண். சிலருக்கு வேறு கஷ்டம்: கை நன்றாக ஆனதால் பிச்சைகூட விழவில்லை, வேலையோ யாரும் கொடுக்கவில்லை. ரிப்பேர் செய்து அனுப்பிய கை பட்டினி கிடந்தால் அது என்ன ரிப்பேர்?

எனவே வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கினார். எளிய குடிசைகள்; ஒரு மரவேலைப் பட்டறை. அப்ரென்டிஸ் காலத்தில் கற்ற தச்சுவேலை அங்கே கைகொடுத்தது. மரப்பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். சம்பாதிக்கிற கையாக அது மாறியது.

இங்கேதான் நம் டிரபிள் ஷூட்டிங் பாடம் வருகிறது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. டாக்டர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். பிராண்டுக்கு ஒரு சம்பவத்தில் பொறி தட்டியது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு நோயாளிச் சிறுவன் வந்து சாவியைச் சுளுவாகத் திருகிவிட்டான். தரையில் இரத்தம்! விரல் எலும்பு வரை அறுந்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. அவனுக்குப் பலம் அதிகமில்லை. நிறுத்து என்று சொல்லும் வலிதான் இல்லை.

அன்று முதல் பட்டறையில் தினமும் கை பரிசோதனை. எந்தப் புண்ணையும் நோயின் தலையில் போட்டுவிட்டு விடக்கூடாது. காரணம் கண்டுபிடித்தே ஆகவேண்டும். உள்ளங்கைப் புண்ணா? கருவியின் கைப்பிடியைப் பார். ஓரம் கூர்மையா, சிலாம்பு இருக்கிறதா, அளவுக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறானா? விரல் நுனியில் கொப்புளமா? சூடான டம்ளரைப் பிடித்தானா? எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. ராத்திரியில் மட்டும் விரல் குறைந்த மர்மம் கொஞ்ச நாள் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் எலி! தூங்குகிறவருக்கு வலி தெரியாததால் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதன்பிறகு வீடு திரும்புகிற நோயாளிகளுக்குப் பூனை கூட அனுப்பப்பட்டதாம். சிரிப்பு வருகிறதா? ஒரு பூனை எத்தனை விரல்களைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசியுங்கள்.

கைக்குச் செய்ததைக் காலுக்கும் செய்தார்கள். 1955-இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை உருவானது. நடக்கும்போது அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவும்படி, மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த செருப்புகள் வந்தன. அவை இன்று சர்க்கரை நோயில் கால் உணர்வு போனவர்களுக்கும் பயன்படுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலும் ஷூவுமே சோறு போடுகிற நம் பகுதிக்கு இது பெருமையான செய்தி அல்லவா? ஏற்றுமதிக்கு ஷூ தைக்கிற கைகளின் ஊரிலிருந்தே, வலியில்லாத கால்களுக்குச் செருப்பும் பிறந்தது.

1960-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கவனிக்க வேண்டிய ஒரு முயற்சி: செயற்கை வலி! அழுத்தத்தை அளக்கும் சென்சார்களைக் கையுறையில் வைத்து, அளவு மீறினால் எச்சரிக்கை தரும்படி செய்தார்கள். தோற்றுப்போனது. ஏன்? சர்க்யூட்டிலும் சிக்கல்கள் இருந்தன. ஆனால் முக்கியக் காரணம் அது அல்ல. இறுகிய போல்ட்டைக் கழற்றவேண்டி வந்தால், ஆள் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்! உண்மையான வலியை அணைக்க முடியாது. அதனால்தான் அது காப்பாற்றுகிறது என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார்.

2003 ஜூலை 8 அன்று, 88 வயதில், அமெரிக்காவில் காலமானார். இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இருக்கிறது. ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டால் கை மடங்கும் நிலைக்கே போகவேண்டியதில்லை. உணர்வில்லாத தேமல் தெரிந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

நண்பர்களே, இன்னும் கொஞ்ச நாளில் நம்மில் பலர் தோல் ஷாப்பிலும் ஷூ ஃபேக்டரியிலும் சூப்பர்வைசராக நிற்போம். புரொடக்‌ஷன் குறைகிறது என்று மெஷினின் கார்டைக் கழற்றச் சொல்லும் நாள் வரும். லிமிட் சுவிட்சை ஷார்ட் செய்தால் வேலை ஓடுமே என்று தோன்றும். அந்த சுவிட்சை அணைத்த கையுறைக்காரரை அப்போது நினைத்துக்கொள்வோம். ஆபரேட்டர் கையில் காயத்தோடு வந்தால் அவன் கவனக்குறைவு என்று எழுதித் தள்ளுமுன், மெஷின் பக்கம் போய்க் கைப்பிடியைப் பார்ப்போம்.

என் கொப்புளம் ஆறிவிட்டது. அந்த இழைப்புளி இன்னும் ஷாப்பில்தான் இருக்கிறது. ஜூனியர்கள் யாராவது எடுத்தால், தள்ளுமுன் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை