வர்ணம் அடித்த பையன் வரைந்த புண்ணிய பூமி

செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன் டேவிட் ராபர்ட்ஸ். 1796-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். சிறு வயதிலேயே, வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். 7 ஆண்டுகள் அதே வேலை! பிறகு நாடகத் திரைகள் வரைந்து பெயர் பெற்றார்.

1838-ல் எகிப்துக்குக் கப்பல் ஏறினார். கெய்ரோ மசூதிகளுக்குள் படம் வரைய அனுமதி கிடைத்தது. ஆனால், பன்றி மயிர்த் தூரிகையை உபயோகிக்கக்கூடாது என்று நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். ராபர்ட்ஸ் சம்மதித்தார்.

அரபு உடை அணிந்து, ஒட்டகத்தில் சினாய் பாலைவனத்தைக் கடந்தார். 1839-ல், ஈஸ்டர் பண்டிகை சமயத்தில் ஜெருசலம் வந்து சேர்ந்தார்.

எங்கும் யாத்ரீகர் கூட்டம். இயேசுநாதர் ஞானஸ்நானம் பெற்ற ஜோர்டான் ஆற்றில் குளிக்க அவர்கள் புறப்பட்டார்கள். ராபர்ட்சும் கூடவே போனார். வழியில் கொள்ளையர் பயம். அதனால் கவர்னரே படையுடன் காவல் வந்தார். விடியுமுன், தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலம் நடந்தது. ஆண், பெண், குழந்தை எல்லோரும் ஆற்றில் இறங்கினார்கள். அந்தக் காட்சியை ராபர்ட்ஸ் படமாக்கினார்.

லெபனானில் கடும் காய்ச்சல் கண்டது. அப்போதும் பால்பெக் கோவிலை வரைந்தார்.

ஊர் திரும்பும்போது 272 படங்கள் இருந்தன. 1842 முதல் 1849 வரை அவை கல் அச்சில் வெளிவந்தன. விக்டோரியா மகாராணியும் சந்தா கட்டினார்.

1864-ல் லண்டன் தெருவில் நடந்து போகையில் ராபர்ட்ஸ் மயங்கி விழுந்தார். அன்று மாலையே உயிர் பிரிந்தது.