தொண்டுக்கு நிலையம் கண்டவர்: தி. சு. அவினாசிலிங்கம்

வந்தவாசி வட்டத்துப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்ற நாம், மகனின் வேலையை முன்னிட்டுக் கோவையை அடுத்த சரவணம்பட்டிக்கு வந்து குடியேறினோம். சத்தி சாலையின் இருமருங்கிலும் கணினி நிறுவனங்கள் எழுந்தபின், திண்டிவனம், ஆரணி, காஞ்சிபுரம் பகுதிகளைச் சேர்ந்த நம் சமணக் குடும்பங்கள் சிலவும் இவ்வாறே இங்கு வந்துள்ளன. இக்குடும்பங்களின் இளைஞர்கள் சென்ற தை மாதம் நம் இல்லத்திற்கு வந்தனர். இப்பகுதியில் கட்டட வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு ஒன்று நடத்த விரும்புவதாகவும், அதற்கு நாம் வழிகாட்ட வேண்டும் என்றும் கேட்டனர். சங்கமாகப் பதிவு செய்வதா, பதிவு, தணிக்கை என்ற தொல்லைகள் இன்றி ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நடத்துவதா என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

இவ்வினாவிற்கு நம்மிடம் பழைய காயம் ஒன்று உண்டு. நாம் பணியிலிருந்த காலத்தில், ஓர் ஊரில் பெரியவர் ஒருவர் ஏழைப் பிள்ளைகளுக்கு இரவுப் பாடசாலை நடத்தி வந்தார். நாமும் பள்ளி முடிந்தபின் அங்கே சென்று பதினோர் ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தோம். இடம் அவருடையது, பலகைகளும் விளக்குகளும் ஊரார் கொடுத்தவை, கணக்கோ அவர் மனத்திலேயே இருந்தது. அவர் காலமான மூன்றாம் மாதமே அந்த இடம் விற்கப்பட்டது. குறை சொல்வதற்கில்லை, சட்டப்படி அது அவர் வாரிசுகளின் உடைமை. ஆயினும் நாற்பது பிள்ளைகள் சிலேட்டும் கையுமாகத் தெருவில் நின்றதை நாம் மறக்கவில்லை. ஒரு பத்திரம் எழுதி வையுங்கள் என்று அந்நல்லவரிடம் ஒருமுறையேனும் சொல்லியிருக்கலாம். மரியாதை கருதி வாய் திறவாதிருந்தோம்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் அறிவுரை கூறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு, துடியலூர் வழியாக மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையத்திற்குச் சென்றோம். சரவணம்பட்டியிலிருந்து அதிகத் தொலைவில்லை. மேற்கே குருடி மலை தெரிய, மரங்கள் அடர்ந்த பெருவெளியில் அமைந்திருக்கிறது ஸ்ரீ இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம். இதனைத் தோற்றுவித்தவரின் பெயரை நாம் முதன்முதலில் கேட்டது ஆசிரியப் பயிற்சி பெற்றபோதுதான். தக்ளியில் நூல் நூற்றுக்கொண்டே ஆதாரக் கல்வி பற்றிய பாடத்தைக் கேட்ட தலைமுறை நம்முடையது. அப்பாடத்தில் வார்தாவுக்கு அடுத்துப் பெரியநாயக்கன்பாளையம் வரும். அந்த நிறுவனரின் வாழ்வை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருப்பூர் சுப்பிரமணியம் அவினாசிலிங்கம் செட்டியார் 1903ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் திருப்பூரில் பிறந்தார். திருப்பூர் அன்று கோவை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தந்தையார் சுப்பிரமணியம் செட்டியார், தாயார் பழனியம்மாள். வசதி படைத்த வணிகக் குடும்பம். திருப்பூரிலும் கோவை இலண்டன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்று, பின் சென்னையில் பட்டமும் சட்டமும் முடித்தார். உறவினரான தி. அ. இராமலிங்கம் செட்டியாரிடம் கோவையில் வழக்கறிஞர் தொழில் பழகினார். இராமலிங்கம் செட்டியார் வழக்கறிஞர் மட்டும் அல்லர். தமிழகக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். பலரும் சிறுகச் சேர்த்த பணத்தைக் கணக்குப் பிசகாமல் காத்து, மீண்டும் பலருக்கே பயன்படச் செய்யும் அம்முறையை அவினாசிலிங்கனார் இளமையிலேயே அருகிருந்து கண்டிருக்க வேண்டும் என்பது நம் ஊகம்.

வழக்குமன்றம் அவரை நெடுநாள் பிடித்து வைக்கவில்லை. காந்தியடிகளின் இயக்கம் ஒருபுறமும் இராமகிருஷ்ண இயக்கத்துத் துறவியரின் தொடர்பு மறுபுறமும் அவரை ஈர்த்தன. திருமணம் செய்து கொள்ளாமலே வாழ்ந்தார். 1930ஆம் ஆண்டு, இருபத்தேழு வயதில், கோவையில் மிகச் சிறிய அளவில் வித்யாலயத்தைத் தொடங்கினார். நாடெங்கும் உப்புச் சத்தியாக்கிரகம் கொழுந்துவிட்ட ஆண்டு அது. அவரும் சிறை சென்றவரே. தொடங்கியவர் சிறையிலிருந்தால் பள்ளி என்னாகும்? தாம் இல்லாத நாளிலும் அடுப்பெரிய வேண்டும், மணியடிக்க வேண்டும் என்ற கவலை அப்பள்ளிக்குப் பிறவியிலேயே வாய்த்தது. ஒருவகையில் அந்தச் சிறைவாசமே அதற்கு நன்மையாயிற்று என்று நமக்குத் தோன்றுகிறது.

வித்யாலயம் தங்கிப் படிக்கும் பள்ளி. அரிசனப் பிள்ளைகளும் மற்றையோரும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூடத்தில் உறங்கினர். இன்று இது சாதாரணச் செய்தி. கோவில் வாயில்கள் ஒரு பகுதி மக்களுக்கு மூடிக்கிடந்த 1930களில் ஒரு வசதியான குடும்பத்து இளைஞர் இதைச் செய்யத் துணிந்ததன் பொருளை இளையோர் எண்ணிப் பார்க்க வேண்டும். 1934இல், அரிசன நலப் பயணமாகத் தமிழகம் வந்த காந்தியடிகள் வித்யாலயத்திற்கு அடிக்கல் நாட்டினார்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டிய செய்தி உண்டு. அவினாசிலிங்கனார் விரும்பியிருந்தால் அப்பள்ளியைத் தம் குடும்ப அறநிலையமாகவே வைத்திருக்கலாம். கோவையில் அதற்கு முன்மாதிரிகள் இருந்தன, அவற்றுள் சில மிக நன்றாகவும் நடந்தன. அவரோ அதனை இராமகிருஷ்ண மிஷனின் கிளையாக ஆக்கினார். விவேகானந்தர் 1897இல் தோற்றுவித்த அம்மிஷன் 1909இல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவு பெற்ற அமைப்பு. உலகைத் துறந்தவர்களும் பதிவாளர் அலுவலகத்திற்குச் சென்று விதிகளை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நம் இளைஞர்களுக்குச் சொன்னபோது அவர்கள் சிரித்தனர். சிரிப்பதற்கன்று. தொண்டு செய்வோர் மாறினாலும் தொண்டு மாறாதிருக்க அதுவே வழி எனக் கண்டதால் செய்தார்கள்.

1935 முதல் பத்தாண்டுகள் அவினாசிலிங்கனார் மத்திய சட்டசபையின் உறுப்பினராக இருந்தார். 1942 போராட்டத்திலும் சிறைப்பட்டார். 1946இல் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். பிரகாசம் அமைச்சரவையிலும், அதனை அடுத்து ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றே ஆண்டுகள். அம்மூன்றாண்டுகளில் நடந்தவை ஒரு முழு வாழ்நாளுக்குப் போதுமானவை.

உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக நிலைநிறுத்தினார். திருக்குறள் பள்ளிப் பாடத்தில் இடம்பெறச் செய்தார். குறளை வழிவழியாக ஓதி வரும் நம் இல்லத்தாருக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. பாரதியார் பாடல்களின் உரிமையை அரசே பெற்று மக்களுக்குப் பொதுவாக்கும் முடிவு 1949இல் எடுக்கப்பட்டபோது கல்வி அமைச்சர் அவரே.

எல்லாவற்றினும் மேலாக நாம் மதிப்பது 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பெற்ற முதல் நூலகச் சட்டம் இதுவே. நூலகத் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி இரங்கநாதனாரின் நீண்ட நாள் முயற்சிக்கு அவினாசிலிங்கனார் சட்ட வடிவம் தேடித் தந்தார். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி என ஒரு சிறு தொகை பெறப்படும். அத்தொகை மாவட்டந்தோறும் அமைந்த நூலக ஆணைக்குழுவிற்குச் செல்லும். இதுதான் அச்சட்டத்தின் நுட்பம். யாரோ ஒரு வள்ளல் மனம் வைத்தால் நூலகம், மனம் மாறினால் பூட்டு என்ற நிலை இல்லை. குடிசைக்காரர் முதல் மாளிகைக்காரர் வரை வரி செலுத்துவோர் அனைவரும் தாம் அறியாமலே நூற்கொடை அளிப்பவர் ஆகின்றனர். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தை உயர்வாகக் கருதும் நாம், வீட்டு வரிச் சீட்டில் நூலக வரி என்ற வரியை இனியேனும் முகஞ்சுளியாமல் படிக்கலாம்.

அவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கதை தனியே எழுதத் தக்கது. தமிழுக்கு ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்பது அதன் முதற்குறிக்கோள். முதன்மைப் பதிப்பாசிரியராக அமர்ந்தவர் பெ. தூரன். கொங்கு நாட்டுக்காரர், கவிஞர், இசைப்பாடல்கள் இயற்றியவர். அதற்கு முன் வித்யாலயத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது, பத்தாம் தொகுதி 1968இல் நிறைவுற்றது. அதன்பின் குழந்தைகளுக்கெனப் பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. அமைச்சர் பதவி 1949இல் போய்விட்டது, ஆட்சிகள் மாறின, கழகத்தின் வேலை நிற்கவில்லை. நம் பள்ளி நூலகத்தில் அப்பத்துத் தொகுதிகளும் கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். சாவி தலைமையாசிரியரிடம். நாம் தலைமையாசிரியரானதும் செய்த முதற்காரியம் அப்பூட்டை எடுத்ததே.

ஒருவர் வாழ்வைச் சொல்லும்போது நல்லனவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தல் நேர்மை ஆகாது. 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிய ஆணையும் அவர் அமைச்சராயிருந்த காலத்ததே. பெரியார் தலைமையில் மறியல்கள் நடந்தன. தமிழறிஞர் பலரும் எதிர்த்தனர். பின்னர் இந்தி விருப்பப் பாடமாயிற்று. தமிழுக்கு அத்துணை செய்தவர் இதில் தமிழ் மக்களின் மனத்தை அளந்தறியத் தவறினார் என்றே நாம் கருதுகிறோம். நாடு ஒன்றாக வேண்டும் என்ற ஆர்வத்தால் செய்தார் என்பது உண்மையாகலாம். மாணவன் விரும்பாததை மதிப்பெண்ணைக் காட்டி ஊட்ட முடியாது என்பது வகுப்பறையில் நின்ற எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

ஓமந்தூரார் அமைச்சரவை 1949இல் விலகியபின் அவர் மீண்டும் வித்யாலயத்திற்கே வந்தார். 1952இல் திருப்பூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்கும், 1958 முதல் 1964 வரை மாநிலங்களவைக்கும் சென்றார் என்றாலும், அவர் மனம் இருந்த இடம் பெரியநாயக்கன்பாளையமே. ஆசிரியர் கல்லூரி, உடற்கல்விக் கல்லூரி, 1956இல் கிராமிய உயர்கல்வி நிலையம், வேளாண்மைப் பயிற்சி, தொழில்நுட்பப் பயிற்சி, கலைக் கல்லூரி என ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. நகரத்திற்குச் செல்லாமலே ஒரு கிராமத்துப் பையன் தொடக்கப் பள்ளியிலிருந்து பட்டம் வரை ஒரே வளாகத்தில் படிக்க முடிந்தது.

பெண்களுக்கென 1957இல் கோவையில் மனையியல் கல்லூரியை அவர் தொடங்கினார். மனையியல் என்றால் சமையற்கலை என்று ஏளனம் செய்தவர்கள் அன்று உண்டு. ஊட்டச்சத்து, குழந்தை வளர்ப்பு, கிராமத் தொண்டு ஆகியவற்றை அறிவியலாகக் கற்பிக்கும் இடமாக அதனை வளர்த்த பெருமை டாக்டர் இராஜம்மாள் பி. தேவதாஸ் அம்மையாருக்கும் உரியது. அக்கல்லூரி 1988இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அம்மையார் அதன் துணைவேந்தரானார். நிறுவனர் ஒரு கொள்கையுடையவர், முதல்வர் ஓர் அறிவியலறிஞர். இருவர் பணியும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. நிறுவனங்களில் இது எளிதில் காணக்கூடியதன்று.

1970இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1991 நவம்பர் 21ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

மறுநாள் வித்யாலயத்தில் மணியடித்திருக்கும் என்று ஓர் இளைஞர் வியப்போடு சொன்னார். ஆம், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இன்றும் அடிக்கிறது. நாம் சென்ற நாள் ஞாயிறு ஆதலால் வகுப்புகள் இல்லை. விடுதிப் பிள்ளைகள் சிலர் துணி துவைத்துக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தனர். அவர்களுள் எத்தனை பேருக்கு நிறுவனரின் பிறந்த நாள் தெரியுமோ. தெரியாவிட்டாலும் சோறு வேகும்.

திரும்பி வரும்போது பேருந்திலேயே பேச்சுத் தொடங்கிவிட்டது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. அதன்படி சங்கம் பதிவு செய்ய ஏழு பேராவது வேண்டும்; ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும்; வரவு செலவுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அறுவர் அப்போதே இசைந்தனர். ஏழாவது பெயராக நம்முடையதை எழுதலாமா என்று கேட்டனர். எழுபத்தைந்து வயதுக்காரியை வேர் என்று நம்பிப் பந்தல் போடாதீர்கள் என்றோம். எனினும் கையொப்பமிடச் சம்மதித்தோம், ஒரு நிபந்தனையுடன்: கணக்குப் புத்தகம் யார் வீட்டிலும் இருத்தலாகாது, வகுப்பு நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், பெற்றோர் கேட்டால் அவர்களுக்கும் காட்ட வேண்டும்.

விதிகளின் வரைவு இப்போது நம் மேசைமேல் இருக்கிறது. நிர்வாகி ஒருவர் விலகினாலோ மறைந்தாலோ என்ன செய்வது என்ற பத்தியை இளைஞர்கள் இரண்டே வரியில் முடித்திருக்கிறார்கள். அதனை விரித்து எழுதுமாறு ஓரத்தில் சிவப்பு மையால் குறித்துத் திருப்பி அனுப்பவிருக்கிறோம்.