மார்க் ஒலிபண்ட்

சர் மார்க் ஒலிபண்ட் (அக்டோபர் 8, 1901 - ஜூலை 14, 2000) ஆஸ்திரேலிய இயற்பியலாளர் ஆவார். 1927ல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ரதர்ஃபோர்டிடம் சேர்ந்தார். நேர்மின் அயனிகள் மோதும்போது உலோகப் பரப்பிலிருந்து எதிர்மின்னிகள் வெளிப்படுவதை ஆராய்ந்து 1929ல் முனைவர் பட்டம் பெற்றார். மெதுவாக வரும் ஹீலியம் அயனியும் எதிர்மின்னியை வெளியேற்ற வல்லது. அயனி உலோகத்திலிருந்து ஓர் எதிர்மின்னியைக் கவர்ந்து நடுநிலை அடைகையில் விடுபடும் ஆற்றலே மற்றொன்றை வெளியே தள்ளுகிறது. அயனிகளைக் கையாள்வதில் பெற்ற இத்தேர்ச்சி, 1934ல் ரதர்ஃபோர்டு, ஹார்ட்டெக் ஆகியோருடன் டிரிட்டியத்தைக் கண்டறியத் துணை நின்றது எனலாம்.

அணுகுண்டு செய்ய இயலும் என்ற பிரித்தானிய அறிக்கை அமெரிக்காவில் கவனிப்பாரற்றுக் கிடந்ததை 1941ல் நேரில் சென்று அறிந்து, லாரன்ஸ் முதலானோரைச் செயற்படத் தூண்டினார். மன்ஹாட்டன் திட்டத்திலும் பணியாற்றினார். ஆயினும், ஹிரோஷிமா, நாகசாகி அழிவுக்குப்பின் அணு ஆயுதங்களை வெளிப்படையாக எதிர்த்தார். 1971 முதல் 1976 வரை தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநராக இருந்தார்.