கம்ப்யூட்டர் மேதை காரி கில்டால்

தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் 'மெப்ஸ்' ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. 1984-ல் அமைக்கப்பட்டது. அங்கும், பழைய மகாபலிபுரம் சாலையிலும் மென்பொருள் எழுதும் இளைஞர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. மேஜை மேல் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடிய மென்பொருள், லினக்ஸ் கம்ப்யூட்டருக்குப் போனதும் நின்றுவிடும். கோப்பு அங்கேதான் இருக்கும். ஆனால் அதற்குத் தெரியாது!

காரணம், விலாசம். வீட்டுக்கு விலாசம் இருப்பதுபோல் கோப்புக்கும் உண்டு. லினக்ஸ் விலாசத்தில் வலப்பக்கம் சாய்ந்த கோடு வரும். விண்டோஸில் இடப்பக்கம் சாய்ந்த கோடு. முன்னால் 'சி' போன்ற ஓர் எழுத்தும் வரும். அந்த எழுத்து முறை விண்டோஸுக்கு வந்த கதையில் ஒரு மேதையின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. அவர்தான் காரி கில்டால்.

மாலுமிப் பள்ளி

கில்டால் 1942 மே 19-ந் தேதி அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பிறந்தார். கப்பல் செலுத்தும் வித்தையைக் கற்பிக்கும் பள்ளியை அவர் குடும்பம் நடத்தியது. அவரோ கம்ப்யூட்டர் படித்து, 1972-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மாண்டரே நகரில் கடற்படைக் கல்லூரி ஆசிரியர் ஆனார்.

அப்போது ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. கில்டால் 1974-ல் சிபி/எம் என்ற இயக்க மென்பொருளை ஓட்டிக் காட்டினார். பிறகு ஒரு யுக்தி செய்தார். யந்திரத்துக்கு யந்திரம் மாறும் வேலைகளை ஒரு சிறு பகுதியில் ஒதுக்கினார். அதற்கு 'பயாஸ்' என்று பெயர். மற்றவை எல்லாம் பொது. புது யந்திரம் வந்தால், பயாஸை மட்டும் மாற்றினால் போதும்!

கை நழுவியது

1980-ல் ஐ.பி.எம். கம்பெனி அவரைத் தேடி வந்தது. பேச்சு முடிவாகவில்லை. வாய்ப்பு மைக்ரோசாப்டுக்குப் போயிற்று. அது கொடுத்த 'டாஸ்', சிபி/எம் சாயலிலேயே இருந்தது. ஏ, பி என்ற எழுத்துகளும் கூடவே வந்தன. 1981-ல் வந்த டாஸ், வலப்பக்கக் கோட்டை வேறு கட்டளைக்கு வைத்துக்கொண்டது. 1983-ல் கோப்புறைகள் சேர்ந்தபோது அந்தக் கோடு கிடைக்கவில்லை. இடப்பக்கக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இரண்டு விலாசம்!

கில்டாலுக்குப் பணம் குறைவில்லை. ஆனால் அவர் சாதித்ததை விட்டு, இழந்ததையே உலகம் பேசியது. அந்தக் கவலையோடு 1994 ஜூலை 11-ந் தேதி, 52-வது வயதில் காலமானார். 2014-ல்தான் அவர் வேலை செய்த வீட்டின் முன் நினைவுப் பலகை பதித்தார்கள்.

இன்று தாம்பரத்து இளைஞர்களின் தலைவலிக்கும் அவர் யுக்திதான் மருந்து. கோட்டைக் கையால் எழுதக்கூடாது. மாறுவதை ஓரிடத்தில் ஒதுக்கவேண்டும். பைத்தான் மொழியில் 'பாத்லிப்' என்ற பகுதி, எந்த யந்திரம் என்று பார்த்து, அதற்கேற்ற கோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது.